படை போன காரணத்தை நோட்டில் எழுதி வைப்பது எப்படி

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் வாயனசாலைக்கு, அதாவது படிப்பகத்துக்கு, காலையில் இரண்டு மொழிப் பேப்பரும் வந்துவிடும். தமிழ்ப் பேப்பர் பொள்ளாச்சி பஸ்ஸில், மலையாளப் பேப்பர் பாலக்காட்டு வண்டியில். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற நான், சனிக்கிழமைதோறும் அங்கே ஏழெட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு வேலை செய்கிறேன். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் படை அனுப்பினால், எதற்காக அனுப்புகிறோம் என்று முதலில் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு, அந்தச் சொல் எப்போது மாறுகிறது என்று தொடர்ந்து பார்ப்பது. யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம். ஒரு 200 பக்க நீள நோட்டும், பச்சை, சிவப்பு, நீலம் என்று மூன்று பேனாவும் போதும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அண்ணன் எழுதிய இன்லேண்டு லெட்டர்கள். 1987இல் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போன சிப்பாய்களில் அண்ணனும் ஒருவர். எனக்கு 15 வயது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன். ஆகஸ்டில் வவுனியாவிலிருந்து வந்த முதல் கடிதத்தில், "சனங்க மாலை போட்டாங்க. இளநீ வெட்டிக் குடுத்தாங்க. ஆயுதத்தை வாங்கி வெக்கறதுதான் வேலை, தீபாவளிக்கு ஊருக்கு வந்துருவேன்" என்று இருந்தது. நவம்பரில் வந்த கடிதத்தில் மாலையும் இல்லை, இளநீரும் இல்லை. "இப்ப சண்டை. அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம்." அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதை வாசித்தேன். அடுத்த வருஷம் எலக்‌ஷன் டூட்டி என்று எழுதினார். 1989 கோடையில், "எல்லாரும் பத்திரமாத் திரும்பிப் போகணும், அவ்வளவுதான் இப்ப வேலை." நான்கு கடிதம், நான்கு வேலை. போட்டிருந்த சட்டை மட்டும் ஒன்று.

நோட்டை விரித்தால் இடது பக்கம் சொன்னது, வலது பக்கம் நடந்தது. முதல் தாளில் முதல் வாரத்தில் சொன்னதை மட்டும் எழுத வேண்டும். சொந்த வார்த்தையில் சுருக்கக் கூடாது. சொன்னவர் பேர், தேதி, எந்தச் சபையில் அல்லது எந்தப் பத்திரத்தில் என்பது கட்டாயம். மேடைப் பேச்சைவிடக் கையெழுத்துப் போட்ட தாள்தான் முக்கியம். எல்லைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில் மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. என்று எழுதியிருப்பதால்தானே எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலூகா வயல்காரர் தண்ணீர் கேட்டு நிற்க முடிகிறது?

இலங்கை நோட்டின் முதல் தாள், ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தம். 48 மணி நேரத்தில் சண்டை நிற்க வேண்டும், அதிலிருந்து 72 மணி நேரத்தில் தமிழ்ப் போராளிக் குழுக்களின் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும், தேவைப்பட்டால் சண்டை நிறுத்தத்தை உறுதிசெய்ய இலங்கை அதிபர் இந்திய அமைதிப்படையை அழைக்கலாம். இந்த 'தேவைப்பட்டால்' போன்ற சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். பின்னால் வரும் மாற்றம் பெரும்பாலும் இப்படிப்பட்ட வாசல் வழியாகத்தான் நுழையும்.

அடுத்த வேலைக்கு ஆறாம் வகுப்பு இலக்கணம் போதும். எழுதிய வாக்கியத்தில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றையும் பிரியுங்கள். பயனிலை மாறினால் எல்லோர் கண்ணிலும் படும். செயப்படுபொருள் மாறுவதுதான் தப்பிவிடும். இலங்கையில் முதலில் ஆயுதத்தைக் களைவது. விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதமிருந்து செப்டம்பர் 26இல் இறந்தார், பிடிபட்ட புலிகள் அக்டோபர் 5இல் சயனைடு கடித்து இறந்தார்கள். அக்டோபர் இரண்டாம் வாரம் இந்தியப் படை யாழ்ப்பாணத்தின் மேல் நகர்ந்தபோதும் அதே 'ஆயுதம் களைதல்' என்ற சொல்தான் இருந்தது. ஆனால் கீழே விழுந்தது மனிதர்கள். அண்ணன் வருகிறேன் என்று எழுதியிருந்த அந்தத் தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அண்ணன் அங்கே இல்லை. இருந்தும் இந்த வரியைப் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை. வலது பக்கத்தில் நமக்குப் பிடித்தது மட்டும் இருந்தால் அது நோட்டு ஆகாது.

சோமாலியாவிலும் இதே பயிற்சியைச் செய்து பாருங்கள். 1992 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபை சொன்னது, பட்டினி கிடப்பவர்களுக்கு உணவு போய்ச் சேரப் பாதுகாப்பு. 1993 மார்ச்சில் நாட்டையே திருப்பிக் கட்டுவது சேர்ந்தது. ஜூன் 5இல் பாகிஸ்தானிய அமைதிப்படையினர் 24 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு ஐதீத் என்ற ஆயுதக் குழுத் தலைவர் ஒருவரைப் பிடிப்பதே வேலை. உணவு, நாடு, ஓர் ஆள். அக்டோபரில் மொகதிசுவில் ஒரே சண்டையில் அமெரிக்க வீரர்கள் 18 பேர் போனார்கள், அடுத்த மார்ச்சில் அமெரிக்கா வெளியேறியது.

பேனா நிறத்துக்கு இப்போது வருவோம். வெற்றி கிடைத்ததால் நோக்கம் நீண்டால் பச்சை. அடி விழுந்ததால் மாறினால் சிவப்பு. சோமாலியா சிவப்பு. பச்சைக்கு நான் எப்போதும் எடுப்பது கொரியா. 1950 ஜூன் 27இல் ஐ.நா. சொன்னது, தென் கொரியா மேல் வட கொரியா நடத்திய தாக்குதலை முறியடித்து அமைதியைத் திருப்புவது. செப்டம்பர் 15இல் இஞ்சானில் இறங்கிய படை வட கொரியர்களை விரட்டிவிட்டது. சொன்ன வேலை கிட்டத்தட்ட முடிந்தது. அங்கே நிற்கவில்லை. இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆம் இணைகோட்டைத் தாண்டினால் நாங்கள் வருவோம் என்று சீனப் பிரதமர் சூ என்லாய் நள்ளிரவில் கூப்பிட்டுச் சொன்னது யாரிடம் தெரியுமா? குட்டநாட்டுக் காவாலத்தில் பிறந்த, அன்று பீகிங்கில் நம் தூதராக இருந்த கே.எம்.பணிக்கரிடம். அவர் டெல்லிக்குச் சொன்னார், டெல்லி மற்றவர்களுக்குச் சொன்னது. அவர்கள் நம்பவில்லை. அக்டோபர் 7இல் பொதுச்சபை ஒன்றுபட்ட கொரியா என்று தீர்மானம் போட்டது, படை தாண்டியது, சீனா வந்தது. 1953 ஜூலை 27இல் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது கோடு ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தது. வெற்றியின் போது நோக்கம் வளர்வதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். தோற்கும்போதாவது யாராவது கேள்வி கேட்பார்கள்.

மாறியது என்றாலே பொய் சொன்னார்கள் என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளைகள் முதலில் செய்யும் தப்பு இது. களம் மாறினால் திட்டம் மாறத்தான் வேண்டும். நோட்டில் கேட்க வேண்டியது, அறிவித்து மாறினார்களா, நழுவி மாறினார்களா என்பது. சோமாலியாவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சபை ஓட்டுப் போட்டது. லிபியாவில் அப்படி இல்லை. பாதுகாப்பு சபையின் 2011 மார்ச் 17 தீர்மானத்தில் செயப்படுபொருள் பொதுமக்கள், அவர்களைக் காப்பது பயனிலை. இந்தியா உட்பட ஐந்து நாடுகள் ஓட்டுப் போடாமல் ஒதுங்கின. மார்ச் 28இல் அமெரிக்க அதிபர் ஒபாமா, லிபியாவை ஆண்ட கடாபியை ராணுவத்தால் அகற்றுவது தவறாகும் என்று பேசினார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் நடுவில் அவரும் பிரிட்டிஷ் பிரதமர் கேமரூனும் பிரெஞ்சு அதிபர் சர்கோசியும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், கடாபி அதிகாரத்தில் இருக்கும் லிபியாவை நினைத்தே பார்க்க முடியாது என்று வந்தது. புதுத் தீர்மானம் எதுவும் இல்லை. அக்டோபர் 20இல் கடாபி கொல்லப்பட்டார், 31இல் வேலை முடிந்தது என்று நேட்டோ கிளம்பியது. இப்படி நழுவிய இடத்துக்கு நீல மையில் வட்டம் போடுகிறோம்.

கூப்பிட்டவர் இன்னும் கூப்பிடுகிறாரா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். 1987இல் அழைத்தவர் ஜெயவர்தனா. 1989இல் அதே நாற்காலியில் உட்கார்ந்த பிரேமதாசா, ஜூலை 29க்குள் வெளியேறுங்கள் என்றார். 'பத்திரமாத் திரும்பிப் போகணும்' என்ற அண்ணன் கடிதம் அந்தச் சமயத்தில் வந்ததுதான். படை அதற்குப் பிறகும் எட்டு மாதம் இருந்தது.

நோக்கம் நிறைவேறிய தேதி தெரிந்தால் அதைப் பெட்டி கட்டி எழுதுங்கள். அமெரிக்கா 2001 அக்டோபர் 7இல் ஆப்கானிஸ்தானுக்குள் போனது அல்கொய்தாவைத் தேடி. பின்லேடன் 2011 மே 2இல் பாகிஸ்தானில் கொல்லப்பட்டார். கடைசி விமானம் காபூலை விட்டது 2021 ஆகஸ்ட் 30. பெட்டிக்கும் அதற்கும் இடையே பத்து வருஷம், அந்தப் பத்து வருஷத்தில் என்னென்ன காரணம் சொன்னார்கள் என்று தனித் தாளே வேண்டும். நாட்டைக் கட்டியெழுப்ப நாங்கள் போகவில்லை என்று 2021 ஜூலையில் பைடன் சொன்னபோது, ஒரு பெண் பிள்ளை நோட்டைப் பின்னுக்குத் திருப்பி, புஷ் 2002 ஏப்ரலில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவைத் திருப்பிக் கட்ட அமெரிக்கா போட்ட மார்ஷல் திட்டத்தை நினைவுபடுத்திப் பேசிய தாளைக் காட்டினாள். முதல் தாள்களைக் கிழிக்காமல் வைத்திருப்பது இதற்குத்தான்.

கடைசிப் பக்கத்தில் நான்கு வரி காலியாக விடுங்கள். படை திரும்பிய தேதி, முதல் தாளின் வாக்கியம் அப்படியே, அன்றைக்கு அந்த ஊர் இருந்த நிலை, வராமல் போனவர்களின் எண்ணிக்கை. இலங்கையில் கடைசிச் சிப்பாய் 1990 மார்ச் 24இல் கப்பல் ஏறினார். நம் தரப்பில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் இறந்திருந்தார்கள். அண்ணன் அதற்குச் சில வாரம் முன்பே கோபாலபுரம் சாவடியில் பஸ் இறங்கி, ட்ரங்குப் பெட்டியோடு நடந்து வந்தார். "போன காரியம் ஆச்சா சாமி?" என்று அம்மா கேட்டாள். அண்ணன் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். பழைய பேப்பரையும் கடிதங்களையும் வைத்து நான் பின்னால் எழுதிய அந்த 1987 நோட்டில் கடைசிப் பக்கத்தின் மூன்றாம் வரி இன்னும் காலி. அதை அண்ணன் எழுதட்டும் என்று விட்டிருக்கிறேன். போன மாதம் தேங்காய் போடுகிற அன்று நோட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.