இணைய வளங்களை வகுப்பறைக்குக் கொண்டு செல்லல்: திருகோணமலை ஆசிரியர்களுக்கு ஒரு தொடக்கச் செய்முறை விளக்கம்

முதல் நியமனம் பெற்று வெருகலுக்கோ ஈச்சிலம்பற்றுக்கோ குச்சவெளிக்கோ செல்லும் ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் இன்று ஒரு கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. கல்வித் தளங்களுக்கும் அதில் குறைவில்லை. ஆயினும் நாளைக் காலை இரண்டாம் பாடவேளைக்கு இவற்றில் எதை எடுத்துச் செல்வீர்கள் என்று கேட்டால், பலரால் உடனே விடை கூற முடிவதில்லை. நல்ல தளம் என்று யாரோ அனுப்பிய இணைப்பைத் திறந்து, அதிலிருந்து ஒரு பாடத்தை உருவாக்க முயல்வதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. பாடத்தை முதலில் முடிவு செய்து, அதில் பிள்ளைகள் இடறும் இடத்தைக் கண்டுகொண்டு, அந்த ஓரிடத்துக்கு மட்டும் வளம் தேடுவதே பயன் தரும். இந்த விளக்கம் அந்த ஒழுங்கிலேயே செல்கிறது.

தொடங்குவதற்கு ஓர் அண்ட்ரொய்ட் தொலைபேசி, ஒரு கூகிள் கணக்கு, ஒரு பென் டிரைவ் ஆகியன போதும். பாடசாலையில் மடிக்கணினியும் புரொஜெக்டரும் இருந்தால் வேலை இலகுவாகும். இல்லாவிட்டாலும் கீழே கூறப்படுபவற்றில் பெரும்பகுதியைச் செய்யலாம். வகுப்பறையில் இணையம் இருக்காது என்று கருதியே திட்டமிடுங்கள். முதல் நாள் இரவு வீட்டில் தரவிறக்கியதைத் தவிர வேறொன்றையும் மறுநாள் நம்பியிருக்க வேண்டாம்.

முதற்படி: நமது பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தல்

மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளத்துக்குச் சென்று, உங்கள் பாடத்தையும் தரத்தையும் தெரிவு செய்து, தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் தரவிறக்குங்கள். நாளைய பாடத்துக்குரிய தேர்ச்சி மட்டத்தையும் கற்றற்பேறுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வளம் தேடும்போது அந்தத் தாள் அருகில் இருக்க வேண்டும். அதில் இல்லாத எதையும், எவ்வளவு அழகான காணொளியாக இருந்தாலும், நாளைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

அடுத்து, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து பாடநூலின் பி.டி.எஃப் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். மொழியையும் தரத்தையும் தெரிவு செய்தால் நூற்பட்டியல் வரும். அச்சு நூல் கையில் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். ஆனால் ஒரு வரைபடத்தைத் தொலைபேசித் திரையில் பெரிதாக்கிக் காட்டுவதற்கும், ஒரு பயிற்சியை மட்டும் வெட்டியெடுத்து வராத பிள்ளைக்கு அனுப்புவதற்கும் இந்தப் பிரதியே உதவும். பாடத்திட்டங்கள் மாறிக்கொண்டிருப்பதால், முதற்பக்கங்களில் உள்ள ஆண்டைப் பார்த்து, பிள்ளைகளின் கையில் உள்ள பதிப்பும் இதுவும் ஒன்றுதானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரவாரியான பாடங்களும் பயிற்சிகளும் மூன்று மொழிகளிலும் உள்ளன. க.பொ.த. வகுப்புகளுக்குக் கற்பிப்பவர்களுக்குப் பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களை விட, அத்திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளே அதிகம் பயன்படும். எந்த வினாவை எத்தனை வீதமானோர் சரியாகச் செய்தனர், எங்கே தவறினர் என்பதை அவை வினாவாரியாகக் கூறுகின்றன. பிள்ளைகள் இடறும் இடத்தை ஊகிக்க வேண்டிய தேவை அதனால் பெருமளவு குறைகிறது.

இரண்டாம்படி: வெளியிலிருந்து வரும் வளத்தின் கலைச்சொற்களைச் சோதித்தல்

தமிழில் தேடும்போது கிடைக்கும் காணொளிகளிலும் குறிப்புகளிலும் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்காக ஆக்கப்பட்டவை. அவற்றுள் மிகச் சிறந்தவை உண்டு. நான் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். ஆனால் நமது பிள்ளை பாடநூலில் ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, அமுக்கம், கலம் என்று படிக்கிறது. காணொளியில் வருபவர் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, அழுத்தம், செல் என்கிறார். பௌதிகவியலும் இரசாயனவியலும் அங்கே இயற்பியலும் வேதியியலும் ஆகின்றன. முன்னறிவித்தல் இன்றிக் காட்டினால், கெட்டிக்காரப் பிள்ளைகள் சமாளித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் இவை இரண்டு வெவ்வேறு பொருள்கள் என்று எண்ணி, பரீட்சையில் இரண்டையும் கலந்து எழுதுவார்கள்.

ஆகவே எந்தக் காணொளியையும் முதலில் நீங்கள் முழுமையாகப் பாருங்கள். வேறுபடும் சொற்களைக் குறித்துக்கொண்டு, பாடம் தொடங்கு முன் கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு நிரல்களாக எழுதிவிடுங்கள்: இடப்பக்கம் காணொளியின் சொல், வலப்பக்கம் நமது பாடநூலின் சொல். பிள்ளைகள் வலப்பக்கச் சொல்லை மட்டும் கொப்பியில் எழுதட்டும். நீண்ட காணொளியில் தேவையான மூன்று நான்கு நிமிடங்களை மட்டும் காட்டி நிறுத்துவதும் நல்லது.

மூன்றாம்படி: பரிசோதனை ஒன்றைத் திரையில் செய்து காட்டல்

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், 2001 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய ஃபெட் என்னும் திட்டம், விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் உரிய பரிசோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் வகையில் இலவசமாக வழங்குகிறது. தேடும்போது பி, எச், ஈ, ரி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை இடுங்கள். பல பரிசோதனைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. தளத்தில் மொழிகளுக்கான பட்டியலில் தமிழைத் தெரிவு செய்தால் அவை மட்டும் வரும்.

மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். சுற்று அமைக்கும் பரிசோதனையின் பக்கத்தில் தரவிறக்கும் பொத்தானை அழுத்தினால், ஒரே ஒரு கோப்பு உங்கள் கருவியில் சேமிக்கப்படும். அதை மடிக்கணினியின் உலாவியில் திறந்தால் இணையம் இல்லாமலே இயங்கும். அண்ட்ரொய்ட் தொலைபேசியிலும் கோப்புறையிலிருந்து உலாவி மூலம் திறக்கலாம். ஆனால் அது திறக்கிறதா என்பதை, டேட்டாவை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

வகுப்பில் உடனே திரையைக் காட்ட வேண்டாம். ஒரு மின்கலம், ஓர் ஆளி, இரண்டு மின்குமிழ்கள் ஆகியவற்றைக் கரும்பலகையில் முதலில் தொடராகவும், பின்னர் சமாந்தரமாகவும் வரையுங்கள். எந்தச் சுற்றில் குமிழ் பிரகாசமாக எரியும் என்று கேட்டு, விடையைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகுதான் திரையில் சுற்றை அமைக்க வேண்டும். தொடர்ச் சுற்றில் இரண்டாவது குமிழைச் சேர்த்தவுடன் இரண்டும் மங்குவதையும், சமாந்தரச் சுற்றில் அப்படி மங்காததையும், கம்பியினூடே இலத்திரன்கள் நகரும் வேகம் மாறுவதையும் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். குமிழே இல்லாமல் மின்கலத்தின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தால் திரையில் தீச்சுவாலை எழும். குறுஞ்சுற்று ஏன் ஆபத்தானது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. எழுதிய விடை பிழைத்துப்போன பிள்ளை அந்த நேரத்தில் கேட்கும் கேள்விதான் அன்றைய பாடத்தின் மையம். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஆய்வுகூட வசதி உள்ள பாடசாலையில் மெய்யான மின்கலத்தையும் குமிழையும் விட்டுவிட்டு இதைக் காட்டுவது தவறு. கையால் தொட்டுச் செய்வதற்கு முன்போ பின்போ வர வேண்டியது இது. கணிதம் கற்பிப்போர் ஜியோஜீப்ரா செயலியை இதே முறையில் பயன்படுத்தலாம். முக்கோணியின் உச்சியை இழுத்து, கோணங்களின் கூட்டுத்தொகை மாறாதிருப்பதைக் காட்டுவதிலிருந்து தொடங்குங்கள்.

நான்காம்படி: சொந்த ஊரைப் பாடமாக்கல்

புவியியலுக்கும் வரலாற்றுக்கும் கூகிள் ஏர்த் செயலி போதுமானது. கிண்ணியாப் பாலத்தைத் தேடி, அளக்கும் கருவியைத் தெரிவு செய்து, பாலத்தின் ஒரு முனையில் முதற்புள்ளியையும் மறு முனையில் இரண்டாவது புள்ளியையும் வைக்கச் சொல்லுங்கள். 2009 இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அளவு சற்றுக் கூடலாம், குறையலாம். ஏன் கூடியது, பாலம் எங்கே தொடங்குகிறது என்று எப்படி முடிவு செய்தோம் என்று கேட்டால், அளவீட்டு வழு என்ற பாடம் தானாக வந்துவிடும். தோணியில் கடந்த காலத்தைக் கண்ட பெரியவர்களிடம் வீட்டில் கேட்டு வரச் சொன்னால் மறுநாள் வரலாற்றுப் பாடமும் தயார்.

அங்கிருந்து படத்தைச் சற்றுத் தெற்கே நகர்த்தி, 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் இடத்தைக் காட்டுங்கள். பின்பு வடக்கே துறைமுகத்துக்கும், 1624 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்கும், கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலைக்கும் செல்லலாம். மூதூரிலோ நிலாவெளியிலோ உள்ள பிள்ளை தன் வீட்டுக் கூரையைக் கண்டு ஆரவாரிக்கும். இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். இந்தச் செயலிக்கு இணையம் தேவை என்பதால், இணைப்பு இல்லாத பாடசாலைகளுக்குச் செல்வோர் தேவையான காட்சிகளை முன்னரே திரைப்பிடிப்புச் செய்து வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஊர் பற்றிய எழுத்து ஆவணங்களுக்கு 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தை நாடுங்கள். இலங்கைத் தமிழ் நூல்கள், பழைய சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் எனப் பலவும் அங்கே இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. தேடற்பெட்டியில் திருகோணமலை என்று தமிழிலேயே இடுங்கள்.

ஐந்தாம்படி: வாசிப்புக்குக் கதைகள்

ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கு, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தையே முதலில் பரிந்துரைப்பேன். தமிழில் படக்கதைகள் ஏராளம். வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு மட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளன. கணக்கொன்றைத் திறந்தால் பி.டி.எஃப் ஆகத் தரவிறக்கி அச்சிடலாம். திறந்த உரிமத்தில் இருப்பதால், ஆக்கியோர் பெயர்களை உரியவாறு குறிப்பிட்டு, நமது பிள்ளைகளுக்குப் பழக்கமற்ற சொற்களை மாற்றியும் வெளியிடலாம். அச்சிட வசதியில்லாவிட்டால் படத்தை மட்டும் காட்டி, கதையைப் பிள்ளைகளைக் கொண்டே சொல்விக்கலாம்.

ஆறாம்படி: ஒரே தொலைபேசியால் மதிப்பிடல்

கூகிள் படிவங்களில் வினாடிவினா அமைப்பது இலகு. ஆனால் எல்லாப் பிள்ளைகளிடமும் கருவி இருக்க வேண்டும். நமது பாடசாலைகளில் பலவற்றுக்கு அது பொருந்தாது. கருவி இல்லாத பிள்ளை தலைகுனிந்திருக்கும் எந்த முறையும் வகுப்பறைக்கு ஏற்றதல்ல.

அதற்குப் பதிலாகப் பிளிக்கர்ஸ் என்னும் செயலியை முயன்று பாருங்கள். தளத்திலிருந்து அட்டைகளை அச்சிட்டு, பிள்ளைக்கொன்றாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் தனித்தனிக் கறுப்புக் கோலமும், நான்கு பக்கங்களிலும் நான்கு விடை எழுத்துகளும் இருக்கும். வினாவைக் கரும்பலகையில் எழுதியதும், பிள்ளை தன் விடைக்குரிய எழுத்து மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். நீங்கள் முன்னால் நின்று தொலைபேசிக் கமராவை மெதுவாக வகுப்பு முழுவதும் ஓட்டினால், யார் எந்த விடையைக் கூறினார் என்பது பதிவாகிவிடும். எழுத்து மிகச் சிறிதாக அச்சிடப்பட்டிருப்பதால் அடுத்தவரின் விடையைப் பார்த்துத் திருப்புவதும் எளிதல்ல. சத்தமாகப் பேசத் தயங்கும் பிள்ளையின் விளக்கம் எங்கே நிற்கிறது என்பதை அறிய இதைவிடச் சிக்கனமான வழியை நான் அறியேன். உங்கள் தொலைபேசிக்கு மட்டும் டேட்டா தேவை. பெயர்களுக்குப் பதிலாகச் சேர்விலக்கங்களை இடுங்கள். பிள்ளைகளின் முழுப்பெயர்களையும் படங்களையும் வெளித்தளங்களில் ஏற்ற வேண்டாம்.

ஏழாம்படி: தட்டச்சும் பகிர்வும்

நம்மில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவிலேயே வினாத்தாள் தயாரிக்கிறோம். அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அது புரியாத ஆங்கில எழுத்துகளாகவே தெரியும், தேடினாலும் அகப்படாது. பழைய கோப்புகளை இணையத்திலுள்ள மாற்றியில் ஒட்டி, எல்லாக் கருவிகளிலும் தெரியும் ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றுங்கள். புதியவற்றை ஒருங்குறியிலேயே தொடங்குங்கள். தட்டச்சு வராதவர்கள் கூகிளின் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழ் (இலங்கை) என்பதைத் தெரிவு செய்து, ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசினால் எழுத்தாகும். ஒற்றெழுத்துகளையும் கலைச்சொற்களையும் மட்டும் பின்பு திருத்த வேண்டியிருக்கும்.

தரவிறக்கியவற்றைத் தரம், பாடம், அலகு என்ற ஒழுங்கில் கோப்புறைகளாகப் பிரித்து, கோப்பின் பெயரிலேயே அலகு எண்ணை இடுங்கள். வட்ஸ்அப் குழுவில் அனுப்பும்போது காணொளிகள் தரம் குறைந்துவிடுவதால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். பரிசோதனைக் கோப்புகளைப் பென் டிரைவில் கொடுப்பதே பாதுகாப்பானது. உங்கள் வலயத்தின் ஆசிரிய ஆலோசகரிடம் ஒரு பிரதியைக் கொடுத்து வைத்தால், கிண்ணியா வலயத்தில் ஒருவர் தேடியெடுத்ததை மூதூர் வலயத்தில் இன்னொருவர் மீண்டும் தேட வேண்டியிராது. எந்தக் கோப்பை எந்தத் தரத்தில் பயன்படுத்தினீர்கள், பிள்ளைகள் எந்த இடத்தில் விளங்கவில்லை என்றார்கள் என்பதை இரண்டு வரிகளில் எழுதி அதே கோப்புறையில் வைத்துக் கொடுங்கள்.