பணிக்கொடையை இழுத்தடித்தால் முதலாளி எவ்வளவு கூடக் கட்ட வேண்டும்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் 18 வருடம் கணக்கு எழுதினேன். விலகிப் போனவர்கள் பணிக்கொடை கேட்டு வந்தால் 'போகம் முடியட்டும், பாப்பம்' என்பார் முதலாளி. கடைசியில் எனக்கும் அதையே சொன்னார். வேலையை விட்டுப் போகும்போது முதலாளி மொத்தமாகத் தரவேண்டிய இந்தக் காசைப் பற்றி இலங்கையில் உள்ள 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தை அப்புறம்தான் ஒழுங்காக வாசித்தேன்.

ஐந்து வருடம் முடித்திருந்தால், விலகுவதற்கு முந்தைய 12 மாதத்தில் ஒரு நாளாவது அங்கே 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால், உங்களுக்கு உரித்து உண்டு. நீங்களாக விலகினாலும்தான். மாதச் சம்பளக்காரருக்கு முடித்த வருடம் ஒவ்வொன்றுக்கும் கடைசிச் சம்பளத்தில் பாதி. மற்றவர்களுக்கு 14 நாள் கூலி. ஓவர்டைம் சேராது.

விலகி 30 நாளுக்குள் காசு கைக்கு வர வேண்டும். அதற்குமேல் பிந்தினால் மேலதிகக் கட்டணம் ஏறும்: ஒரு மாதம் வரை 10 வீதம், மூன்று மாதம் வரை 15, ஆறு வரை 20, ஒரு வருடம் வரை 25, அதைத் தாண்டினால் 30. இது அரசாங்கத்துக்குப் போகிற காசு இல்லை, உங்களுக்கு. 40,000 ரூபாய் சம்பளத்தில் 11 வருடம் 4 மாதம் வேலை செய்தவருக்கு 220,000. கெடு தாண்டி ஏழு மாதம் இழுத்தால் இன்னும் 55,000.

ஆகவே விலகிய திகதிதான் காசு. விலகல் கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெற்றேன்' என்று ஒப்பமும் திகதியும் வாங்குங்கள். ஒப்பமிட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நான் வாயால் சொல்லிவிட்டு வந்த மடையன். நான் முறையிட்டபோது, 'அவர் அதுக்குப் பிறகும் ரெண்டு மாசம் வந்தவர்' என்றார் முதலாளி. தொழில் கந்தோரில் வரவுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். கடைசி நாள் பின்னேரம் நானே என் பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டி, பக்கத்தில் திகதி போட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றது.

கெடு முடிந்ததும் அடையாள அட்டை, கடிதப் பிரதி, சம்பளச் சிட்டைகளோடு தொழில் கந்தோருக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பி, தண்டப்பணம் போலவே அறவிடலாம்.

காசு தரும்போது 'முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். கையொப்பத்துக்கு முன், வாங்கிய தொகையையும் அன்றைய திகதியையும் உங்கள் கையால் எழுதுங்கள். குறைவென்றால் அந்த வரியை வெட்டிவிட்டு ஒப்பமிடுங்கள்.