கூடிவரும் வெப்பத்தையும் வறட்சியையும் காடு தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

பச்சைப்பசேல் என்று தெரிவதை வைத்து ஒரு காடு நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். கடும் வறட்சி முடிந்து மழை திரும்பிய பிறகும், சில ஆண்டுகள் கழித்து மரங்கள் சாவதுண்டு.

முதலில் உச்சியை அண்ணாந்து பாருங்கள், ஆனால் இலையுதிர்க்கும் பருவத்தில் வேண்டாம். நுனிக்கிளைகள் மொட்டையாகி கீழே மட்டும் இலை நின்றால், பெரும்பாலும் மேலே போதிய தண்ணீர் ஏறவில்லை. வெப்பம் கூடக்கூட காற்று இலையிலிருந்து அதிக நீரை உறிஞ்சுகிறது. அதைத் தடுக்க மரம் இலைத்துளைகளை மூடினால் கரியமில வாயு உள்ளே வராது, உணவு தயாரிப்பு குறையும். மூடாமல் விட்டாலோ நீர் ஏறும் குழாய்களில் காற்றுக்குமிழ் அடைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஆபத்துதான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் 280 பிபிஎம் (பத்து லட்சத்தில் 280 பங்கு) இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டதே, மரம் வேகமாக வளராதா என்று பலர் கேட்கிறார்கள். ஓரளவு வளரும், ஆனால் தண்ணீரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதுமான அளவு இருந்தால்தான்.

அப்புறம் பட்டை. சிறு துளைகள், வழியும் பிசின், அடியில் மரத்தூள் இருந்தால் வண்டு புகுந்திருக்கிறது. தாகத்தில் தளர்ந்த மரத்தால் பிசின் சுரந்து வண்டை வெளியேற்ற முடியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் புழுக்களைக் கொல்லும் அளவுக்குக் குளிர்காலம் கடுமையாக இல்லாமல் போனதால், பைன் வண்டு சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைத் தாக்கியது.

நான் அதிகம் கவலைப்படுவது தரையைப் பார்த்துத்தான். பெரிய மரம் ஆழமான வேரை வைத்துச் சமாளித்துவிடும், மேல்மண் காய்ந்தாலே கன்று செத்துவிடும். முதிய மரங்களின் கன்றுகள் பல வயதில் கலந்து நிற்கின்றனவா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் உடனே வெப்பத்தின் மேல் பழி போடாமல், மேய்ச்சலோ அடர்ந்த நிழலோ காரணமா என்றும் பாருங்கள்.

வளர்ச்சியை அளக்க, விழுந்த மரத்தின் வளையங்கள் உதவும். வறண்ட ஆண்டுகளில் அவை ஒடுங்கியிருக்கும். வெப்பமண்டலத்தில் பல மரங்களுக்கு ஆண்டு வளையம் தெளிவாக விழாது, அங்கே தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பால் சுற்றளவை எடுங்கள். வருடாவருடம் அதே மாதம், அதே மரங்கள். வறட்சியில் பட்டை சுருங்கும் என்பதால் ஒரே வருட அளவை நம்ப வேண்டாம், செத்த மரங்களையும் பட்டியலிலிருந்து நீக்காமல் எழுதி வையுங்கள்.