தாய் நிறுவனத்துக்கு விற்கும் விலை: காரணத்தை அன்றன்றே எழுதி வைப்பது எப்படி

திருநெல்வேலிச் சீமையின் மானாவாரி நிலங்களில் விளையும் நிலாவாரை இலை, உலக மருந்துச் சந்தையில் 'திருநெல்வேலி சென்னா' என்றே அறியப்படுகிறது. அந்த இலையைத் தரம் பிரித்துத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஜெர்மனிக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அந்த இலையை வாங்குபவர், இந்த நிறுவனத்தின் பங்குகளை வைத்திருக்கும் தாய் நிறுவனமே என்றால், உறவில்லாத இருவர் பேசி முடித்திருந்தால் வந்திருக்கக்கூடிய விலைதானா இது என்று வருமான வரித்துறை கேட்கும். 2001-இல் சட்டத்துக்குள் வந்த பரிமாற்ற விலை விதிகளின் சாரம் இக்கேள்விதான். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன; இங்கே விதி, படிவ எண்களை 1961 சட்டத்தின் கீழ் இருந்தபடியே தருகிறேன்.

முதலில் உறவு நிறுவனங்களின் பட்டியலைத் தயாரியுங்கள். 26 விழுக்காடு வாக்குரிமை இருந்தாலே உறவு ஏற்பட்டுவிடும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால், மொத்தச் சொத்தின் கணக்குமதிப்பில் 51 விழுக்காட்டுக்குக் குறையாத கடனைக் கொடுத்தவரும், மொத்தக் கடன்களில் 10 விழுக்காட்டுக்கோ அதற்கு மேலோ பிணை நின்றவரும் இந்த வரையறைக்குள் வரக்கூடும் என்பதைக் கணக்குப் பிரிவினர் எளிதில் தவறவிடுகிறார்கள்.

அடுத்தது விலை. அதே இலையை உறவில்லாத ஒருவருக்கும் விற்றிருந்தால், அந்த விற்பனையைவிட நல்ல சான்று வேறில்லை. எனினும் இரண்டு இன்வாய்ஸ்களை அருகருகே வைப்பதோடு வேலை முடிந்துவிடாது. சென்னோசைடு (இலையின் மருந்துச் சத்து) அளவு, இலையா காயா என்பது, விற்ற மாதம், விற்ற சரக்கின் அளவு, கடன் தவணை, கப்பல் கூலியை யார் ஏற்கிறார் என்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் விலை வேறுபாட்டைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். விவசாயியிடம் எடைபோட்டு வாங்கிய அன்றைய கொள்முதல் சீட்டும் ஆய்வகச் சான்றும் இங்கே கைகொடுக்கும். இத்தகைய ஒப்பீடு கிடைக்காதபோதுதான், நிகர லாப விழுக்காட்டை ஒத்த நிறுவனங்களோடு ஒப்பிடும் முறைக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து.

யார் என்ன வேலை செய்கிறார், எந்த இடரை ஏற்கிறார் என்ற பகுதியை ஒரு மாதிரி அறிக்கையிலிருந்து நகலெடுக்க வேண்டாம். சரக்கு திரும்பி வந்தால் நட்டம் யாருக்கு என்று கிடங்கு மேலாளரைக் கேளுங்கள். ஒப்பந்தம் ஒன்றும் நடைமுறை வேறொன்றுமாக இருந்தால், விசாரணையில் நடைமுறைதான் நிற்கும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது, தாய் நிறுவனம் அனுப்பும் மேலாண்மைக் கட்டணத்துக்கே. ஒரு செலவு வணிகத்துக்குத் தேவைதானா என்று தீர்மானிப்பது வரித்துறையின் விலை நிர்ணய அதிகாரியின் வேலையன்று என்று 2012-இல் தில்லி உயர் நீதிமன்றம் இகேஎல் அப்ளையன்சஸ் வழக்கில் கூறியது உண்மையே. ஆனால் சேவை உண்மையாகவே கிடைத்தது என்பதை நிறுவும் பொறுப்பு உங்களுடையது. எந்தத் தேதியில் யார் என்ன ஆலோசனை தந்தார், அதனால் இங்கே என்ன மாறியது, கட்டணம் எந்த அடிப்படையில் பகிரப்பட்டது என்பவற்றுக்கான மின்னஞ்சல்களையும் அறிக்கைகளையும் மாதந்தோறும் ஒரே கோப்பில் சேருங்கள். பங்குதாரர் தம் நலனுக்காகச் செய்துகொள்ளும் மேற்பார்வைக்குக் கட்டணம் வந்திருந்தால், பணம் அனுப்பும் முன்பே மறுத்து எழுதுங்கள்.

ஆண்டின் பன்னாட்டுப் பரிவர்த்தனைகள் 1 கோடி ரூபாயைத் தாண்டினால் வருமான வரி விதி 10டி கேட்கும் ஆவணங்கள் முழுவதும் வேண்டும். பரிவர்த்தனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், இப்பரிவர்த்தனைகளைப் பற்றி ஆடிட்டர் தரும் 3சிஇபி என்ற படிவ அறிக்கையைப் பொதுவாக அக்டோபர் 31-க்குள் தாக்கல் செய்தாக வேண்டும். ஆவணம் பேணாவிட்டால் பரிவர்த்தனை மதிப்பில் 2 விழுக்காடு தண்டம் விதிக்கப்படலாம். அதிகாரி கேட்ட 10 நாளில் ஆவணங்களைக் கொடுக்க வேண்டியிருப்பதால், நோட்டீஸ் வந்தபின் தேடத் தொடங்குவது பயன் தராது.

விலையைத் திருத்தி வரைவு ஆணை வந்தால், வரித்துறையின் தகராறு தீர்வுக் குழுவிடம் ஆட்சேபிக்க 30 நாள் உண்டு. ஆண்டுதோறும் இதே கேள்வி வருமானால், விலையை எப்படிக் கணக்கிடுவது என்று வரித்துறையோடு முன்னதாகவே பேசி முடித்துக்கொள்ளும், 2012 முதல் நடைமுறையில் உள்ள முன்கூட்டிய விலை ஒப்பந்தத்துக்கு விண்ணப்பியுங்கள். அது வரும் 5 ஆண்டுகள் வரைக்கும், கோரினால் முந்தைய 4 ஆண்டுகளுக்கும் பொருந்தும். கட்டணமும் காத்திருப்பும் கூடுதல் என்பதால், ஏற்றுமதியின் பெரும்பகுதி தாய் நிறுவனத்துக்கே போகும் நிறுவனத்துக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.