வைட்டமின் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்வதற்கு முன்னும், ஏறும்போதும், ஏறிய பின்னும்

ஈரோட்டிலும் திருப்பூரிலும் செவிலியராகப் பணியாற்றிய ஆண்டுகளில் நான் மிக அதிகமாகக் கேட்ட வேண்டுகோள், "ஏனுங்க சிஸ்டர், ஒடம்பு ஒரே அசதியா இருக்குதுங்க, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவுட்டுருங்க" என்பதுதான். மஞ்சள் வெட்டும் பருவத்தில் காட்டு வேலை முடித்து வந்தவர்களும், ஷிப்மென்ட் நெருக்கடியில் பனியன் கம்பெனியில் இரவும் பகலும் ஓவர்டைம் பார்த்தவர்களும் அதைக் கேட்டார்கள். இன்று அதே பாட்டில், வைட்டமின்கள் கலக்கப்பட்டு, 'குளோ ட்ரிப்', 'இம்யூனிட்டி ட்ரிப்', 'எனர்ஜி ட்ரிப்' என்ற பெயர்களில் அழகு நிலையங்களிலும் கிளினிக்குகளிலும் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படுகிறது. முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பெண்களுக்கென்றே தனித் தொகுப்புகள் வந்துவிட்டன. ஏற்றிக்கொள்ள நினைப்பவர் முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், எதைக் கேட்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் குடலுக்கும் ரத்தக்குழாய்க்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வழி சாப்பிடும் வைட்டமின் சி, நாளொன்றுக்கு 30 முதல் 180 மில்லிகிராம் வரையிலான அளவில் 70 முதல் 90 சதவீதம் உடலில் சேர்கிறது; அளவு ஒரு கிராமைத் தாண்டினால் பாதிக்கும் குறைவாகவே சேர்ந்து, மிச்சம் வெளியேறிவிடுகிறது. போதும் என்று நிறுத்தத் தெரிந்த காவல் குடலுக்கு உண்டு. ரத்தக்குழாய்க்கு அந்தக் காவல் கிடையாது. ஊசிவழியாகப் போவது முழுவதும் உள்ளே போய்விடும், அதைச் சமாளித்து வெளியேற்றும் வேலை சிறுநீரகத்தின் தலையில் விழும். "நேரா ரத்தத்துல கலக்குது, அதனால நல்லா வேலை செய்யும்" என்று விற்பவர் சொல்வதில் முதற்பகுதி உண்மை. ஆபத்தும் அந்த முதற்பகுதியில்தான் இருக்கிறது.

இந்தச் சிகிச்சையின் மூலம், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மருத்துவராக இருந்த ஜான் மயர்ஸ் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துவந்த மெக்னீசியம், கால்சியம், பி வகை வைட்டமின்கள், வைட்டமின் சி ஆகியவற்றின் கலவையாகும். அவருடைய மறைவுக்குப் பின் அது 'மயர்ஸ் காக்டெயில்' என்ற பெயரில் பரவியது. உடல் முழுவதும் வலியும் அசதியும் வாட்டும் ஃபைப்ரோமயால்ஜியா நோயுள்ள 34 பேரிடம் அந்தக் கலவையை வாரம் ஒருமுறை எட்டு வாரங்கள் ஏற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. வைட்டமின் ஏறியவர்களுக்கும் ஓரளவு தேறியது, வெறும் உப்புக் கரைசல் ஏறியவர்களுக்கும் தேறியது; இரண்டுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. நான் கண்கூடாகப் பார்த்ததும் அதுவே. வெயிலில் வற்றிப்போய் வந்தவருக்கு அரை லிட்டர் நீரும் உப்பும் ஏறி, மின்விசிறியின் கீழ் இரண்டு மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தால், பாட்டிலில் வைட்டமின் இல்லாவிட்டாலும் அவர் தெம்பாகத்தான் எழுந்திருப்பார். அந்தத் தெம்பு பொய்யல்ல. ஆனால் அது வைட்டமின் தந்த தெம்பு என்று சொல்லி விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த ட்ரிப்கள் புற்றுநோய், சர்க்கரை நோய் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின்மீது அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2018இல் நடவடிக்கை எடுத்தது.

சிரைவழி, அதாவது ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தும் ஊட்டம் உண்மையிலேயே உயிர்காக்கும் இடங்கள் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமாகாது. குடலின் பெரும்பகுதியை அறுவை சிகிச்சையில் இழந்தவர்கள், மசக்கை வாந்தியில் எதுவும் தங்காமல் தவிக்கும் கர்ப்பிணிகள், நாட்பட்ட குடிப்பழக்கத்தால் தயமின் என்னும் பி1 வற்றிப்போனவர்கள் ஆகியோருக்கு அது தேவை. பி1 வற்றியவருக்கு அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம் என்பதால், 'சும்மா ஒரு குளுக்கோஸ்' என்பதுகூட எல்லோருக்கும் சும்மா அல்ல. இரும்புச் சத்து மிகவும் குறைந்த கர்ப்பிணிகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இரும்பு சுக்ரோஸ் ஏற்றுகிறார்கள். இவை எல்லாவற்றிலும் குறைபாட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, முடியும் நாள் இருக்கிறது. உங்களுக்கு விற்கப்படும் ட்ரிப்புக்கு இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆகவே முதல் வேலை, பாட்டிலைத் தேர்ந்தெடுப்பதல்ல. அசதிக்குக் காரணம் தேடுவது. ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் வரிசையில் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரிப் ஏற்றிய பிறகு பி12 அளவைப் பார்த்தால் அது உயர்ந்து காட்டும், உண்மையான குறைபாடு மறைந்துபோகும். எனவே ரத்தம் கொடுப்பது முதலில், ஊசி பிறகு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக விழுங்குபவர்களுக்கும், பாலும் முட்டையும்கூடத் தொடாத சைவர்களுக்கும் பி12 குறைவது வழக்கம். கால் மரத்துப்போவதும் ஊசி குத்துவது போன்ற எரிச்சலும் அதன் அறிகுறிகள். அதற்கு மருந்து தசையில் போடும் பி12 ஊசியும் மாத்திரையும்தான், பல ஆயிரம் ரூபாய் ட்ரிப் அல்ல. வைட்டமின் டி குறைந்தால் வாரம் ஒருமுறை சாப்பிடும் பொடியோ மாத்திரையோ போதும். வைட்டமின் சி-யைப் பொறுத்தவரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த நாளளவு ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம்; சந்தையில் வாங்கும் நூறு கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. பெரிய நெல்லிக்காயும் முருங்கைக் கீரையும் நாமக்கல் முட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் ஊரில், சாப்பிட்டுச் செரிக்க முடிந்தவர் எதற்காகக் கையைக் குத்திக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்காத நாளில்லை.

இனி, யார் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்தவருக்கு அதிக அளவு வைட்டமின் சி ஏறினால் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பலருக்குத் தமக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது என்பதால், அதிக அளவு சி ஏற்றுவதற்கு முன் அந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று கட்டாயம் கேளுங்கள். வைட்டமின் சி உடலில் கல்லாகப் படியக்கூடிய ஆக்ஸலேட்டாக மாறுவதால், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கும் கிரியேட்டினின் உயர்ந்தவர்களுக்கும் அது கேடு. இதய பலவீனமோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், அரை லிட்டர் நார்மல் சலைனில் நாலரை கிராம் உப்பு இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் உச்ச வரம்பே ஐந்து கிராம்தான். அரை லிட்டர் ஐந்து சதவீதக் குளுக்கோஸில் இருபத்தைந்து கிராம் சர்க்கரை இருக்கிறது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அதை என் வீட்டிலேயே பார்த்தேன். என் சின்ன அத்தை இன்சுலின் போடுபவர், சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்தவர். பேத்தி கல்யாணத்துக்கு முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லி, ஒரு கிளினிக்கில் அதிக அளவு வைட்டமின் சி ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்பினார். ஏழு மணிக்கு வீட்டு மீட்டர் 386 என்று காட்டியது. பதறிப்போய் வழக்கத்தைவிட அதிகமாக இன்சுலின் போட்டுக்கொண்டார். ஒன்பது மணிக்கு நான் போனபோது சேலை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை, கை நடுக்கம், பேச்சில் குழறல். மீட்டரோ இன்னமும் 250 என்றது. "சக்கரை ஏறிக் கெடக்குது, இனிப்பக் குடுத்துராத கண்ணு" என்று மாமன் தடுத்தார். நான் மீட்டரை நம்பாமல் அந்தக் குளிர்ந்த நெற்றியை நம்பி, அவர் விழுங்கும் நிலையில் இருந்ததால் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டிக்கொண்டே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். ஆய்வகத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 46. அதிக அளவு வைட்டமின் சி ரத்தத்தில் இருக்கும்போது வீட்டு மீட்டர்களில் பல, அதைச் சர்க்கரை என்று தவறாக எண்ணி உயர்த்திக் காட்டும். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இன்சுலின் போடுபவர் யாராவது இந்த ட்ரிப்பை ஏற்றிக்கொண்டால், ஆய்வக முடிவு இல்லாமல் மீட்டரை மட்டும் பார்த்து மருந்தின் அளவைக் கூட்ட விடாதீர்கள்.

தோலை வெளுக்கச் செய்யும் என்று ஏற்றப்படும் குளுட்டாதயோனை நான் சுருக்கமாகவே சொல்லி முடிக்கிறேன்: வேண்டாம். பிலிப்பைன்ஸின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த நோக்கத்துக்கு அதைச் சிரைவழி செலுத்துவதால் சிறுநீரகமும் தைராய்டும் பாதிக்கப்படலாம், தோல் கழன்றுபோகும் கடும் ஒவ்வாமையும் வரலாம் என்று எச்சரித்திருக்கிறது. வெள்ளை நிறத்துக்காக உடம்பைப் பணயம் வைக்கச் சொல்பவர் எவராக இருந்தாலும் அவர் சொல் கேட்கத் தக்கதல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் மருத்துவர் தேவை என்று சொல்லி ஏற்றுவதானால், இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எழுதித் தருபவர் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எவ்வளவு நேரத்தில் என்பது சீட்டில் இருக்க வேண்டும். "அட்ரினலின் ஊசி கைவசம் இருக்குதுங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். தயமின் போன்ற சாதாரண மருந்துக்கும் அரிதாக உயிர்போகும் ஒவ்வாமை வருவதுண்டு. அந்த நேரத்தில் காப்பது அந்தச் சிறு ஆம்பூல்தான். அது இல்லாத இடத்திலும், வீட்டுக்கே வந்து போட்டுவிட்டுப் போகிறேன் என்பவரிடமும் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பயன்படுத்திய ஊசி குத்துப்படாத வெள்ளைப் பெட்டிக்கும், ட்ரிப் செட் என்னும் குழாய் சிவப்புப் பைக்கும் போக வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதி. குப்பைத் தொட்டியைப் பார்த்தே அந்த இடத்தின் ஒழுக்கத்தைப் பெரும்பாலும் கணித்துவிடலாம்.

நாற்காலியில் உட்கார்ந்ததும், பாட்டிலையும் மருந்துக் குப்பிகளையும் உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். காலாவதித் தேதியைப் படியுங்கள், கலந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் நிறம் பி வைட்டமினால் வருவது, ஆனால் கலங்கலோ துகளோ தெரிந்தால் அதை ஏற்றக் கூடாது. குப்பிகளின் பெயர்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் ஏதேனும் நேர்ந்தால் மருத்துவருக்கு உதவும். பாட்டிலுக்குக் கீழே குழாயில் இருக்கும் சொட்டுக் குப்பியில் சொட்டை எண்ணுவது கடினமல்ல: சாதாரண செட்டில் இருபது சொட்டு ஒரு மில்லி, எனவே அரை லிட்டர் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டுமானால் நிமிடத்துக்குச் சுமார் நாற்பத்திரண்டு சொட்டு. அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டும் என்று குழாயில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உருளையை நீங்களே தளர்த்தாதீர்கள். மெக்னீசியம் வேகமாக ஏறினால் முகத்திலிருந்து நெஞ்சுவரை சூடு பரவி, ரத்த அழுத்தம் சரிந்து, கண் இருட்டும். பொட்டாசியம் கலந்திருந்தால் அந்த அவசரம் இதயத்தையே நிறுத்தக்கூடும். ஊசி இறங்கிய இடம் வீங்கினாலோ எரிந்தாலோ, தொண்டை இறுகினாலோ, உடம்பு அரித்துத் தடித்தாலோ அந்தக் கணமே குரல் கொடுங்கள்.

முடிந்ததும் அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். கூந்தலுக்கென்று பயோட்டின் என்னும் பி வகை வைட்டமின் கலந்திருந்தால், அடுத்து தைராய்டு சோதனைக்கோ நெஞ்சுவலிக்கோ போகும்போது அதைச் சொல்ல மறக்காதீர்கள். பயோட்டின் அந்தச் சோதனைகளைத் தவறாகக் காட்டச் செய்யும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. குத்திய இடம் இரண்டு மூன்று நாள் கழித்துக் கயிறுபோல் கெட்டிப்பட்டு வலித்தாலோ, குளிர் காய்ச்சல் கண்டாலோ திரும்பிப் போய்க் காட்டுங்கள். அன்று சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போனால் அஞ்ச வேண்டாம், அது வெளியேறும் பி2. கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அளவே குறைந்தாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் எடுத்து வைத்த அந்தப் படத்தோடு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.