நொதி வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க ஒரு உருளைக்கிழங்கு போதும்

நொதி (என்சைம்) என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பாடப்புத்தகத்தில் இருந்த பூட்டு, சாவி படம்தான். பூட்டுக்குள் அதற்கான சாவி மட்டும் பொருந்துவது போல, நொதிக்குள் அதற்குரிய பொருள் மட்டுமே பொருந்தும் என்று ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894-இல் சொன்னது அது. தப்பில்லை, ஆனால் அதை மனப்பாடம் செய்தவர்களிடமே நொதி அப்படி என்னதான் செய்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். அதனால் படத்தை விடுங்கள், செய்தே பார்த்துவிடலாம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பாட்டில், வேகவைக்காத உருளைக்கிழங்கு ஒன்று, நாலைந்து கண்ணாடி டம்ளர், கொஞ்சம் வினிகர், இவ்வளவுதான் வேண்டும். பாட்டில் திறந்து ரொம்ப நாள் ஆகியிருந்தால் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எதையும் மூடி போட்டு வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடித்துவிடும்.

ஒரு துண்டை டம்ளரில் போட்டு, மூழ்கும் அளவு பெராக்சைடு ஊற்றுங்கள். சில நொடிகளில் வெட்டிய பரப்பில் பொடிப்பொடியாகக் குமிழ் கட்டும், அப்புறம் வெள்ளை நுரை மேலே ஏறும். தோல் பக்கம் மட்டும் ஏறக்குறைய சும்மா இருக்கும், ஏனென்றால் கத்தி பட்டுச் செல்கள் உடைந்த இடத்தில்தான் உள்ளேயிருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி வெளியே வருகிறது. துருவிப் போட்டால் நுரை இன்னும் பொங்கும். அந்தக் குமிழ் ஆக்சிஜன். பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. பாட்டிலில் இதே வேலை தானாக, மாதக்கணக்கில், மெதுவாக நடந்துகொண்டுதான் இருந்தது. நொதி புதிதாக எதையும் நடத்தவில்லை, வேகத்தைக் கூட்டுகிறது, அவ்வளவே.

நுரை அடங்கியதும் திரவத்தைக் கொட்டிவிட்டு, அதே துண்டின் மேல் மறுபடி புதுப் பெராக்சைடு ஊற்றுங்கள். மறுபடி நுரைக்கும். நொதி செலவாகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரே கேட்டலேஸ் மூலக்கூறு நொடிக்கு லட்சக்கணக்கில் பெராக்சைடு மூலக்கூறுகளை உடைக்கக்கூடியது.

இனி கெடுத்துப் பார்க்க வேண்டும், சுவாரசியமே இங்கேதான். நன்றாக வெந்த துண்டில் ஊற்றினால் ஒன்றும் நடக்காது. அரைவேக்காட்டுக் கிழங்கை இரண்டாக வெட்டி ஊற்றினால் ஓரம் அமைதியாக இருக்க, நடுவில் மட்டும் குமிழ் வரும். நொதி ஒரு புரதம், சூடு ஏறினால் அதன் மடிப்பு குலைந்துவிடும், மடிப்பு போனால் வேலையும் போச்சு. வினிகரில் அரை மணி நேரம் ஊறிய துண்டிலும் நுரை வெகுவாகக் குறையும். பனிக்கட்டி போல் குளிர வைத்த துண்டு மெதுவாக நுரைக்கும், ஆனால் சூடு திரும்பினால் வேகமும் திரும்பும். குளிர் தாமதப்படுத்தும், கொதி அழித்துவிடும், இரண்டும் ஒன்றல்ல.

இதை அப்படியே உடம்புக்குள் வைத்துப் பாருங்கள். கேட்டலேஸ் நம் கல்லீரலிலும் நிறைய இருக்கிறது, செல்களில் கழிவாக உண்டாகும் பெராக்சைடை அங்கே அது உடைத்துக்கொண்டே இருக்கிறது. காயத்தில் பெராக்சைடு பட்டால் நுரைப்பதும் இதனால்தான். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி வாயில் மாவுச்சத்தை உடைக்கும், இரைப்பையின் அமிலம் பட்டதும் வினிகர்த் துண்டு மாதிரி ஓய்ந்துவிடும். ஆனால் இரைப்பையில் புரதத்தை உடைக்கும் பெப்சின் என்ற நொதிக்கு அந்த அமிலம்தான் தேவை. நுரையீரலின் நுண்குழாயில் ரத்தம் நிற்பது ஒரு நொடிக்கும் குறைவு; அதற்குள் கரியமில வாயு வெளியேற வேண்டுமென்றால் ரத்தத்தில் கரைந்து வந்ததை மறுபடி வாயுவாக மாற்றும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி சிவப்பணுவில் இருந்தே ஆக வேண்டும். அதன் நடுவில் இருப்பது ஒரு துத்தநாக அணு. துளியூண்டு தாதுச்சத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பது இப்போது புரியும். ஆஸ்பிரின் வலியைக் குறைப்பதும் ஒரு நொதியைக் கட்டிப்போட்டுத்தான்.

கடைசியாக, நொதி மாத்திரை வாங்கும் முன் அது எந்த நொதி, எங்கே போய் வேலை செய்ய வேண்டியது என்று பாருங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாலோடு சேர்த்து எடுக்கும், பாலின் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதிக்குப் பயன் உண்டு. கணைய நொதிகள் சரியாகச் சுரக்காதவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து, பெரும்பாலும் அமிலத்தில் கரையாத பூச்சோடுதான் வரும். 'உடம்பில் நொதியை ஏற்றும்' என்று மட்டும் பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கும் புரதத்தில் பெரும்பகுதியை வயிறு மற்ற புரதங்களைப் போலவே செரித்துவிடும்.