முதல் உலகப் போர்: ஆதாரம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் உலகப் போரைப் பற்றி எழுத உட்காருகிற பலரும் முதலில் போரின் பெயரைத் தேடுபொறியில் தட்டி, வந்து விழும் பத்துப் பக்கங்களைப் படித்துக் குறிப்பெடுக்கிறார்கள். அவற்றில் பாதி, ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியதாக இருக்கும். ஒரே தகவலைப் பல இடங்களில் பார்த்ததும் அது உறுதியாகிவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் நாம் பார்த்தது ஒரே ஒரு ஆதாரத்தைத்தான்.

இதைவிட நல்ல தொடக்கம் இணையத்திலேயே இருக்கிறது. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம் 2014-ல் தொடங்கிய '1914-1918-ஆன்லைன்' கலைக்களஞ்சியத்தை யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஒவ்வொரு கட்டுரையையும் எழுதிய ஆய்வாளரின் பெயர் இருக்கும், கீழே நூற்பட்டியலும் இருக்கும். அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போவதுதான் சரியான வழி என்பது என் கருத்து.

அடுத்த தவறு, நம் காலத்துச் சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் காலத்துக் காகிதங்களில் தேடுவது. 1915-ம் ஆண்டு செய்தித்தாளில் 'முதல் உலகப் போர்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்தப் பெயர் பரவலானதே இரண்டாவது போர் வந்த பிறகுதான். அன்றைய ஆங்கில இதழ்களில் 'கிரேட் வார்', 'யூரோப்பியன் வார்' என்றும், தமிழ் இதழ்களில் 'ஐரோப்பிய யுத்தம்' என்றும் தேட வேண்டும். ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். இராக் பற்றிய செய்தி மெசபடோமியா என்ற பெயரில் இருக்கும், இஸ்தான்புல் பற்றியது கான்ஸ்டான்டிநோபிள் என்ற பெயரில் இருக்கும். ஆங்கிலேயர்கள் கலிப்போலி என்று எழுதிய போரைத் துருக்கியர்கள் சனக்கலே என்கிறார்கள். இந்த இரண்டாவது பெயரைத் தேடாதவருக்கு எதிர்த்தரப்பின் கதை கண்ணிலேயே படாது.

ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், பிரான்ஸின் காலிக்கா ஆகிய தளங்களில் அன்றைய செய்தித்தாள்களைக் காசில்லாமல் படிக்கலாம். ஆனால் பழைய அச்சைக் கணினி தானே படித்து எழுத்தாக்கியிருப்பதால் பிழைகள் ஏராளம். ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால் எழுத்தை மாற்றிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால், தேதியை வைத்து அந்த இதழையே திறந்து கண்ணால் படியுங்கள். தேதியிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ரஷ்யா 1918 பிப்ரவரி வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தது. ரஷ்ய ஆவணத்தில் உள்ள தேதியோடு 13 நாட்களைக் கூட்டினால்தான் பிரிட்டன், பிரான்ஸ் போன்ற நாடுகளின் தேதியோடு ஒத்துப்போகும்.

நூலகப் பட்டியலிலும் இதே சிக்கல்தான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளைப் பின்பற்றும் பட்டியல்களில் இந்தப் போர் 'வேர்ல்டு வார், 1914-1918' என்று பதிவாகியிருக்கும். அதோடு 'பெர்சனல் நேரேட்டிவ்ஸ்' என்ற துணைத்தலைப்பைச் சேர்த்தால் போரில் இருந்தவர்களே எழுதிய நினைவுக் குறிப்புகள் தனியாக வந்து நிற்கும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறையில் அடுக்கிய நூலகம் என்றால் 940.3, 940.4 அலமாரிகளுக்கு நேராகப் போகலாம். நூலகரிடம் "போர் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்காமல், எந்தப் போர்முனை, எந்த ஆண்டு, யாரைப் பற்றி என்று சொல்லிக் கேளுங்கள். அங்கே இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். பலர் இதைக் கேட்காமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

சரி, ஆதாரம் கிடைத்துவிட்டது. அதை எப்படிப் படிப்பது? இங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. பிரான்ஸில் போரிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள, இந்திய ஆட்சியைக் கவனித்த லண்டன் அரசுத் துறையான இந்தியா ஆபீஸின் ஆவணங்களில் இவை இருக்கின்றன, பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் சிப்பாய் எழுதிய தாள்கள் அல்ல. ராணுவத் தணிக்கை அலுவலகம் கடிதங்களைப் பிரித்துப் படித்து, தனக்கு முக்கியம் என்று பட்ட பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தன் அறிக்கையோடு சேர்த்து வைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்கள் வேறொருவரிடம் சொல்லி எழுத வைத்தார்கள். ஊரிலும் அதை யாரோ உரக்கப் படித்துக் காட்டினார்கள். தணிக்கை நடப்பது சிப்பாய்களுக்கும் தெரியும். அதனால் சிலர் இந்திய வீரர்களைக் 'கருப்பு மிளகு' என்றும் வெள்ளையர்களைச் 'சிவப்பு மிளகு' என்றும் மறைத்து எழுதினார்கள். கருப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்று ஒரு கடிதம் சொன்னால், அது சமையல் செய்தி அல்ல, சாவுச் செய்தி.

இப்படிப்பட்ட கடிதத்தை அப்படியே எடுத்து 'சிப்பாயின் மனக்குரல்' என்று போடுவது தவறு. தணிக்கையான கடிதம் என்று ஒதுக்கித் தள்ளுவது அதைவிடப் பெரிய தவறு. அந்த மனிதர்கள் வாய்விட்டுச் சொன்னதில் நமக்கு மிஞ்சியது பெரும்பாலும் இவ்வளவுதான். யார் சொன்னது, யார் எழுதியது, யார் தேர்ந்தெடுத்தது, யார் மொழிபெயர்த்தது என்று நான்கு கேள்விகளையும் குறித்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.

ஒருவருடைய ஆவணம் இல்லை என்பதால் அவர் போருக்கே போகவில்லை என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தின் சாதாரண வீரர்களுடைய முதல் உலகப் போர்ப் பணிக் கோப்புகளில் பாதிக்கும் மேல் 1940 செப்டம்பரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது எரிந்துவிட்டன. ஜெர்மன் தரப்பில், 1945 ஏப்ரலில் பாட்ஸ்டாம் மீது நடந்த குண்டுவீச்சில் ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமாக இருந்த பிரஷ்யாவின் ராணுவக் கோப்புகள் பெரும்பாலும் அழிந்தன. இன்னொரு மாநிலமான பவேரியாவின் படைகளுடைய கோப்புகள் மியூனிக்கில் இருந்ததால் பிழைத்தன. தனிமனிதக் கோப்பு கிடைக்காதபோது அவர் இருந்த படைப்பிரிவு அன்றாடம் எழுதிவைத்த போர் நாட்குறிப்பைத் தேடுங்கள். அப்புறம் வீரர்களின் பதக்கங்களைப் பதிவுசெய்த பதக்க அட்டைகளைப் பாருங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பெயர்கள் உள்ளன. ஆனால் உயிரோடு வீடு திரும்பியவரை அங்கே தேடிப் பயனில்லை.

எண்களில் வரும் பிழை இன்னும் வேகமாகப் பரவுகிறது. பிரான்ஸில் நடந்த சோம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் படைக்கு ஏற்பட்ட இழப்பு 57,470 பேர். இத்தனை பேரும் ஒரே நாளில் செத்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இறந்தவர்கள் 19,240 பேர். மற்றவர்கள் காயமடைந்தவர்கள், காணாமல்போனவர்கள், சிறைப்பட்டவர்கள். எந்த இழப்புக் கணக்கைப் பார்த்தாலும் அதில் யாரெல்லாம் அடக்கம் என்று தெரிந்துகொள்ளாமல் எடுத்தாளக் கூடாது.

படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து மேலே ஏற, ஒருவர் சரிந்து விழும் காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். சோம் போரைப் பற்றி 1916-லேயே வெளியான ஆவணப்படத்தில் வருவது அது. போர்முனைக்குப் பின்னால் நடிக்க வைத்து எடுத்த காட்சி என்பதே ஆய்வாளர்களின் முடிவு. அதே படத்தில் உண்மையான காட்சிகளும் நிறைய இருக்கின்றன என்பதால், படத்தை மொத்தமாக நம்பவும் முடியாது, மொத்தமாகத் தள்ளவும் முடியாது.

கடைசியாக, இணைப்பை மட்டும் குறித்து வைக்காதீர்கள். தளங்கள் இடம் மாறும், முகவரிகள் செத்துப்போகும். காப்பகம் கொடுத்த கோப்பு எண்தான் நிலைத்து நிற்கும். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்பு என்றால் 'டபிள்யூ.ஓ. 95' (டபிள்யூ.ஓ. என்பது வார் ஆபீஸ், அதாவது போர்த் துறை) என்ற வரிசைப் பெயர், அடுத்து கோப்பின் எண், படைப்பிரிவு, பதிவின் தேதி எல்லாவற்றையும் படிக்கும்போதே எழுதிக்கொண்டு, பக்கத்தின் படத்தையும் அதே பெயரில் சேமித்துவிடுங்கள்.